சாய்கோடு தொலையும் இடங்கள்: ஒலிக்குறி எழுத்துகளும் கணினியின் எண் அட்டவணைகளும்

பிரெஞ்சு மொழியில் ‘கஃபே’ என்ற சொல்லை எழுதும்போது, கடைசி எழுத்தான ‘இ’யின் (e) தலைமேல் வலப்புறமாக ஏறும் ஒரு சிறு சாய்கோட்டை இடுவார்கள். எழுத்தோடு சேர்ந்து அதன் ஒலியையோ பொருளையோ மாற்றும் இத்தகைய குறிகளே ஒலிக்குறிகள். குறி ஏற்ற அந்த எழுத்தைக் கணினி எழுத்தாக அறியாது. அதற்குத் தெரிந்தது எண் மட்டுமே. ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் 8859-1 அட்டவணையில் அதன் எண் 233. 1981இல் வெளிவந்த ஐபிஎம் கணினியின் கோட் பேஜ் 437 என்ற அட்டவணையில் அதே எழுத்துக்கு 130. பழைய மேக்கின்டாஷ் கணினிகளில் 142. இன்று பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையிலோ 195, 169 என்று அடுத்தடுத்து இரண்டு எண்கள்.

மறுபக்கத்திலிருந்து பார்த்தால் குழப்பத்தின் அளவு இன்னும் தெளிவாகும். ஒரு கோப்பில் 233 என்ற எண் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்கு ஐரோப்பிய அட்டவணையைக் கொண்டு படித்தால் அது சாய்கோடு ஏற்ற பிரெஞ்சு எழுத்து. ரஷ்ய மொழிக்கான விண்டோஸ் அட்டவணையைக் கொண்டு படித்தால் ஒரு சிரிலிக் எழுத்து. ஐஎஸ்ஓவின் கிரேக்க அட்டவணையில் அது அயோட்டா. கோட் பேஜ் 437இல் தீட்டா. எந்த அட்டவணையைக் கொண்டு படிக்கவேண்டும் என்ற குறிப்பு, வெறும் உரைக் கோப்புகளில் எங்குமே எழுதப்பட்டிருப்பதில்லை. எழுதியவரின் கணினி அதை அறிந்திருந்தது. படிப்பவரின் கணினி ஊகிக்கிறது. ஒலிக்குறி எழுத்துகளைச் சுற்றி அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்துவரும் சிக்கல்களில் பெரும்பகுதி, எண் மட்டும் பயணம் செய்து அதன் அட்டவணையின் பெயர் பின்தங்கிவிடுவதால் வருவதுதான்.

இந்தக் குறிகளை அலங்காரம் என்று எண்ணி ஒதுக்குவோர் உண்டு. தமிழ் படித்த ஒருவருக்கு அவ்வாறு தோன்றக்கூடாது. ‘க’வின் தலைமேல் வைக்கும் ஒரு புள்ளி அதை ‘க்’ ஆக்கிவிடுகிறது. ஓர் உயிர்மெய்யின் உயிரையே அது எடுத்துவிடுகிறது. பிரெஞ்சில் மீனவரைக் குறிக்கும் சொல்லுக்கும் பாவம் செய்தவரைக் குறிக்கும் சொல்லுக்கும் எழுத்துகள் ஒன்றே. முன்னதில் ‘இ’யின் மேல் கூரை போன்ற குறி இருக்கும், பின்னதில் சாய்கோடு இருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. ஸ்பானிய மொழியில் ஆண்டு என்ற சொல்லிலுள்ள ‘என்’ (n) எழுத்தின் மேலிருக்கும் அலைக்கோட்டை எடுத்துவிட்டால் அது ஆசனவாயைக் குறிக்கும் சொல்லாகிவிடும். ஓலை கிழிந்துவிடும் என்பதற்காக நம் சுவடி எழுதியவர்கள் புள்ளி வைக்காமல் விட்டார்கள். படிப்பவர் இடமறிந்து புள்ளியைச் சேர்த்துக்கொண்டார். கணினி ஒலிக்குறியைக் கைவிட்டதற்கும் காரணம் மொழி அன்று, எழுதும் ஊடகம்தான். ஆனால் சுவடி படித்தவர் செய்த வேலையை இங்கே எந்த இயந்திரமும் நம்பகமாகச் செய்வதில்லை.

தொடக்கம் ஆஸ்கி அட்டவணையில் இருக்கிறது. 1963இல் அமெரிக்காவில் வெளியாகி 1967இல் திருத்தம் பெற்ற அந்தத் தரம் ஏழு பிட்டுகளைக் கொண்டது, அதாவது 0 அல்லது 1 என்ற இலக்கங்கள் ஏழு. ஆகவே அதில் 128 இடங்கள்தாம். அவற்றில் 33 இடங்கள் வரி மாற்றுதல் போன்ற கட்டளைகளுக்கான கட்டுப்பாட்டுக் குறிகளுக்குப் போக, அச்சிடத்தக்கவை 95. அதை வகுத்தவர்கள் ஒலிக்குறிகளை முற்றிலும் மறந்துவிட்டார்கள் என்று சொல்வது நியாயமாகாது. கூரைக்குறி, இடச்சாய்கோடு, அலைக்கோடு ஆகியவை அந்த அட்டவணையில் இடம்பெற்றதற்கு ஒரு காரணம், எழுத்தை அச்சிட்டு, ஓரிடம் பின்னால் வந்து, அதே இடத்தில் குறியை அடிக்கலாம் என்ற எண்ணம். தட்டச்சுப் பொறியில் பழகிய உத்தி அது. காகிதத்தில் பலித்த இந்த உத்தி திரையில் பலிக்கவில்லை: திரையின் ஒரு கட்டத்தில் இரண்டாவது எழுத்து வந்து உட்கார்ந்தால் முதலாவது அழிந்துவிடும்.

அதனால் ஒவ்வொரு நாடும் அந்த 128 இடங்களுக்குள்ளேயே தன் எழுத்துகளைத் திணிக்கவேண்டியதாயிற்று. ஐஎஸ்ஓ 646 என்ற பன்னாட்டுத் தரம், சில இடங்களை நாடுகள் தங்கள் தேவைக்கு மாற்றிக்கொள்ள இசைந்தது. ஜெர்மானியர்கள் நெளிவு அடைப்புக்குறிகள் இருந்த இடங்களில் இரட்டைப்புள்ளி ஏற்ற எழுத்துகளை வைத்தார்கள். சுவீடன்காரர்களும் அந்த இடங்களில் தங்கள் எழுத்துகளை வைத்தார்கள். கடிதம் எழுதுபவருக்கு இது போதுமானதாக இருந்தது. ஆனால் ‘சி’ மொழியில் நிரல் எழுதியவரின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். அந்த மொழியில் ஒவ்வொரு செயற்கூறும் நெளிவு அடைப்புக்குறியில் தொடங்கி அதிலேயே முடியும். ஜெர்மன் திரையில் அந்த இடத்திலெல்லாம் இரட்டைப்புள்ளி வைத்த ‘ஏ’யும் (a) ‘யு’வும் (u) தெரியும். 1989ஆம் ஆண்டின் சி மொழித் தரம் இதற்காகவே, இரண்டு கேள்விக்குறிகளையும் ஒரு சிறியது-குறியையும் சேர்த்து எழுதினால் திறப்பு அடைப்புக்குறியாகக் கொள்ளவேண்டும் என்று விதி செய்தது. 2023ஆம் ஆண்டின் பெயரைத் தாங்கிய சி மொழித் தரத்தில்தான் அந்த விதி நீக்கப்பட்டது. ஓர் எழுத்து அட்டவணையில் இடப்பற்றாக்குறை விட்ட வடு, ஒரு நிரல்மொழியின் இலக்கணத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் நிலைத்திருந்தது.

எட்டாவது பிட் பயன்பாட்டுக்கு வந்தபோது இடங்கள் 256 ஆகப் பெருகின. ஆனால் வழியிலிருந்த இயந்திரங்கள் எல்லாம் எட்டு பிட்டுகளைக் கடத்த ஆயத்தமாக இல்லை. 1982இல் வரையறுக்கப்பட்ட மின்னஞ்சல் விதிகள் ஏழு பிட்டுகளை மட்டுமே எதிர்பார்த்தன. சில இடைக்கணினிகள் எட்டாவது பிட்டை வெட்டிவிட்டே அனுப்பின. அந்த வெட்டின் விளைவைக் கணக்காகவே பார்க்கலாம். 233இலிருந்து 128ஐக் கழித்தால் 105. ஆஸ்கியில் 105 என்பது ‘ஐ’ (i) எழுத்து. ஆகவே சாய்கோடு ஏற்ற எழுத்து, வந்துசேரும்போது சாதாரண ‘ஐ’ ஆக இருக்கும். ஜெர்மனின் இரட்டைப்புள்ளி ‘யு’ 252. அதில் 128 போனால் 124, அது ஒரு செங்குத்துக் கோடு. குறி மட்டும் உதிர்ந்து எழுத்து மிஞ்சியிருந்தால்கூடப் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். இங்கே எழுத்தே வேறாகிவிட்டது. இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து வடிவமைக்கப்பட்ட அட்டவணை ஒன்றும் உண்டு. ரஷ்ய மொழிக்கான கோய்-8 அட்டவணையில் சிரிலிக் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்காமல், ஒவ்வொன்றையும் ஒலியால் நெருங்கிய இலத்தீன் எழுத்துக்குச் சரியாக 128 இடங்கள் தள்ளி வைத்தார்கள். எட்டாவது பிட் போனாலும், மிஞ்சும் இலத்தீன் எழுத்துகளைக் கொண்டு ரஷ்ய வாக்கியத்தை ஒருவாறு படித்துவிட முடியும். சேதம் வரும் என்று ஒப்புக்கொண்டு, சேதமடைந்தபின்னும் பொருள் மிஞ்சுமாறு செய்த அந்த ஏற்பாட்டை இத்துறையின் மிகச் சிறந்த யோசனைகளில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

1992இல் மின்னஞ்சலுக்கு மைம் என்ற விதித்தொகுப்பு வந்தது. மடலின் தலைப்பகுதியிலேயே அட்டவணையின் பெயரை எழுதி அனுப்பவேண்டும் என்று அது சொன்னது. எட்டு பிட் எழுத்துகளைச் சமக்குறியும் இரண்டு இலக்கங்களுமாக மாற்றி ஏழு பிட்டுகளுக்குள் அடக்கி அனுப்பவும் வழி செய்தது. சில பழைய மடல்களில் சொற்களுக்கு நடுவே சமக்குறிகள் சிதறிக் கிடப்பதைக் காணலாம். அனுப்பும்போது கட்டிய மூட்டையைப் பெற்ற பக்கத்தில் யாரும் அவிழ்க்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

256 இடங்களும் உலகத்துக்குப் போதவில்லை என்பது விரைவிலேயே தெரிந்தது. ஐஎஸ்ஓ 8859 வரிசையில் முதல் பகுதி 1987இல் வெளியானது. பின்னர் அது 15 பகுதிகளாக விரிந்தது. முதல் பகுதி மேற்கு ஐரோப்பாவுக்கு உரியது என்று சொல்லப்பட்டாலும், ‘ஓ’வும் ‘இ’யும் ஒட்டிய பிரெஞ்சு எழுத்து (œ) அதில் இல்லை. அதற்கு முன்னோடியான, டெக் என்ற கணினி நிறுவனத்தின் அட்டவணையில் அந்த எழுத்து இருந்த 215, 247 ஆகிய இரண்டு இடங்களில், ஐஎஸ்ஓ பெருக்கல் குறியையும் வகுத்தல் குறியையும் வைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் இதயம், சகோதரி, முட்டை ஆகிய அன்றாடச் சொற்களை முறையாக எழுத 1999இன் 8859-15 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. துருக்கிக்கான ஒன்பதாம் பகுதியோ முதல் பகுதியிலிருந்து ஆறு இடங்களில் மட்டும் மாறுபட்டது: ஐஸ்லாந்து மொழிக்குரிய ஆறு எழுத்துகளை எடுத்துவிட்டு ஆறு துருக்கிய எழுத்துகளை வைத்தார்கள். ஒரு மொழிக்கு இடம் கொடுக்க இன்னொரு மொழியை எழுப்பிவிடவேண்டும் என்ற நிலையை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு இல்லை. வியட்நாமிய மொழிக்கு ஆஸ்கிக்கு மேல் 134 எழுத்துகள் தேவைப்பட்டன. எஞ்சியிருந்தவையோ 128 இடங்கள். விஸ்கி என்ற வியட்நாமிய அட்டவணை, மிகுந்த ஆறு எழுத்துகளையும் கட்டுப்பாட்டுக் குறிகளின் இடங்களில் குடியேற்றியது.

இந்த நெருக்கடிக்கு நடுவில் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ்-1252 அட்டவணையில், ஐஎஸ்ஓ கட்டுப்பாட்டுக் குறிகளுக்கென்று ஒதுக்கிய 128 முதல் 159 வரையிலான இடங்களில் வளைந்த மேற்கோள் குறிகளையும் நீள்கோடுகளையும் பின்னர் யூரோ குறியையும் வைத்தது. அதைப் பயன்படுத்தி எழுதிய எத்தனையோ பக்கங்கள் தங்களை 8859-1 என்றே அறிவித்துக்கொண்டன. இறுதியில் உலாவிகளும் அவற்றுக்கான தரமும், 8859-1 என்று எழுதியிருந்தால் அதை விண்டோஸ்-1252 என்றே கொள்ளவேண்டும் என்று விதி செய்துவிட்டன. பெயர்ச்சீட்டு இருந்தும் அதை நம்பமுடியாத நிலை இது.

எல்லா எழுத்துக்கும் ஒரே எண் வரிசை என்ற யூனிகோடின் முதல் பதிப்பு 1991இல் வந்தது. அதை பைட்டுகளாக (பைட் என்பது எட்டு பிட்டுகள் சேர்ந்த அலகு) எழுதும் யூடிஎஃப்-8 முறையை 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூஜெர்சி உணவகம் ஒன்றில், மேசைமேல் விரிக்கும் தாளில் வகுத்தார்கள். இதன் அமைப்பைச் சற்று அருகில் சென்று பார்ப்பது பயன்தரும், ஏனெனில் இன்று நாம் திரையில் காணும் பெரும்பாலான குப்பை எழுத்துகளின் விளக்கம் இதில்தான் இருக்கிறது. நம் சாய்கோடு எழுத்தின் யூனிகோட் எண்ணும் 233தான். யூடிஎஃப்-8 அதை அப்படியே எழுதுவதில்லை, 64ஆல் வகுக்கிறது. ஈவு 3, மீதி 41. ஈவுடன் 192ஐக் கூட்டினால் 195, மீதியுடன் 128ஐக் கூட்டினால் 169. முதல் பைட், தன்னைத் தொடர்ந்து இன்னும் ஒன்று வரும் என்று அறிவிக்கிறது. இரண்டாவது, தான் தொடர்ச்சி மட்டுமே என்று அறிவிக்கிறது.

இப்போது இந்த இரண்டு பைட்டுகளையும் பழைய மேற்கு ஐரோப்பிய அட்டவணையைக் கொண்டு படித்தால், 195 அலைக்கோடு ஏற்ற பெரிய ‘ஏ’யாகவும் 169 பதிப்புரிமைக் குறியாகவும் தெரியும். ஓர் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு, அவற்றில் முதலாவது அலைக்கோட்டு ‘ஏ’ என்றால், உள்ளிருப்பது பழுதற்ற யூடிஎஃப்-8. படிக்கும் கண்ணாடிதான் தவறு. இதற்கு எதிர்த்திசையில், பழைய கோப்பின் தனித்த 233ஐ யூடிஎஃப்-8 என்று கருதிப் படித்தால், அது மூன்று பைட்டுத் தொடரின் முதல் பைட்டாகக் கொள்ளப்படும். தொடரவேண்டியவை வராததால், மென்பொருள் அந்த இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியைக் காட்டும். திரையில் தெரியும் குப்பையின் வடிவத்தைப் பார்த்தே தவறு எந்தத் திசையில் நடந்தது என்று சொல்லிவிடலாம். இது தெரிந்தவருக்கு அரை மணி வேலை. தெரியாதவருக்குப் பல நாள் அலைச்சல்.

இந்த நிலையில் பலரும் செய்யும் ஒரு தவற்றை அழுத்திச் சொல்லவேண்டும். திரையில் கோணலாகத் தெரிவதைக் கண்டவுடன் அதே நிலையில் கோப்பைச் சேமித்துவிடுகிறார்கள். அலைக்கோட்டு ‘ஏ’யும் பதிப்புரிமைக் குறியும் உண்மையான எழுத்துகள் என்றே கணினி அப்போது நம்பி, ஒவ்வொன்றையும் யூடிஎஃப்-8இல் இரண்டு பைட்டுகளாக எழுதிவிடும். இரண்டாக இருந்தது நான்காகும். இன்னொரு முறை நடந்தால் எட்டாகவும் அதற்கு மேலும் வளரும். இதைக்கூடப் பின்னோக்கிச் சென்று அவிழ்த்துவிட முடியும், ஒரு பைட்டும் தொலையாமல் இருந்தால். ஆனால் சில எழுத்துகள் எளிதில் தொலையும். இடச்சாய்கோடு ஏற்ற ‘ஏ’ யூடிஎஃப்-8இல் 195, 160. பழைய அட்டவணையில் 160 என்பது வரி முறியாத இடைவெளி, கண்ணுக்குத் தெரியாது. தேவையற்ற இடைவெளிகளை நீக்கும் ஏதேனும் ஒரு நிரல் அதைச் சாதாரண இடைவெளியாக்கினால் மீட்பு அங்கேயே நின்றுபோகிறது. வைரக் கேள்விக்குறியின் நிலை இதைவிட மோசம். அது 65533 என்ற தனி யூனிகோட் எழுத்து. சேமித்துவிட்டால் முன்பு அங்கே இருந்தது சாய்கோடா, கூரையா, இரட்டைப்புள்ளியா என்று சொல்ல எவராலும் இயலாது. ஆகவே கோப்பைத் திருத்துவதற்கு முன் அதன் நகலொன்றை எடுத்துக்கொண்டு, எழுத்துகளை விட்டுவிட்டு பைட்டுகளைப் பார்ப்பதே முறை.

குப்பை எழுத்துகளோடு குழப்பிக்கொள்ளக்கூடாத ஒன்று வெற்றுச் சதுரம். எழுத்து சரியாகப் படிக்கப்பட்டிருக்கிறது, அதை வரைய எழுத்துருவில் உருவம் இல்லை என்பதுதான் அதன் பொருள். ருமேனிய மொழியின் இரண்டு எழுத்துகளுக்கு அடியில் காற்புள்ளி வரவேண்டும். பழைய அட்டவணைகள் அவற்றைத் துருக்கிய வகைக் கொக்கியோடு கலந்துவிட்டன. காற்புள்ளி வடிவங்கள் 1999இல் யூனிகோடில் தனி இடம் பெற்ற பின்னும், விண்டோஸ் எக்ஸ்பியின் எழுத்துருக்களில் அவை இல்லாததால், சரியாக எழுதியவருக்குச் சதுரமும் தவறாக எழுதியவருக்கு எழுத்தும் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. அதனாலேயே தவறான வடிவம் வேரூன்றியது.

யூனிகோட் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று சொல்ல விடாத இன்னொரு சிக்கல், ஒரே எழுத்தை இரண்டு விதமாக எழுத அது இடம் தருவது. சாய்கோடு ஏற்ற எழுத்தை 233 என்ற ஒற்றை எண்ணாகவும் எழுதலாம். வெறும் ‘இ’யை எழுதி, அதைத் தொடர்ந்து 769 என்ற இணைப்புச் சாய்கோட்டை எழுதியும் பெறலாம். தமிழிலும் இதே நிலைதான். ‘கொ’வில் வரும் ஒகரக் குறி 3018 என்ற ஒற்றை எண்ணாகவும் இருக்கலாம், 3014 என்ற எகரக் குறியும் 3006 என்ற கால் குறியும் அடுத்தடுத்து வந்ததாகவும் இருக்கலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோடின் விதி, இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வழியையும் அது வகுத்திருக்கிறது. ஆனால் அவ்வழியில் செல்லாத மென்பொருள் ஏராளம். ஆப்பிள் 1998இல் கொண்டுவந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸ் கொடுத்த பைட்டுகளை அப்படியே வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே கோப்புகளை மாற்றிக்கொண்டவர்கள், ஒரே அடைவில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருப்பதைக் கண்டு திகைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு முன்னால் இருக்கும் பெயரைத் தேடுபொறி இல்லை என்று சொல்வதற்கும் பல நேரங்களில் இதுவே காரணம்.

தட்டெழுதுவதில் உள்ள தொல்லை வேறு வகையானது. தட்டச்சர்கள் ‘டெட் கீ’ என்று சொல்லும், தாளை நகர்த்தாமல் அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும் விசையைக் கணினி விசைப்பலகைகளும் ஏற்றுக்கொண்டன. அமெரிக்கப் பன்னாட்டு விசைப்பலகை அமைப்பில் ஒற்றை மேற்கோள் விசை அவ்வாறு காத்திருக்கும். ஒலிக்குறி வேண்டியவருக்கு அது வசதி, மேற்கோள் குறியை அடிக்கடி எழுதும் நிரலருக்கு அது ஓயாத இடைஞ்சல். விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு 130 என்று அடித்தாலும் 0233 என்று அடித்தாலும் அதே சாய்கோடு எழுத்து வரும். முன்னது ஐபிஎம்மின் பழைய அட்டவணையில் அதன் எண், பின்னது விண்டோஸ் அட்டவணையில் அதன் எண். முன்னால் இடும் சுழியம்தான் எந்த அட்டவணை என்பதைச் சொல்லும் அடையாளம். பிரெஞ்சு விசைப்பலகையில் சாய்கோடு ஏற்ற சிற்றெழுத்துக்குத் தனி விசை உண்டு, பேரெழுத்துக்கு இல்லை. அதனால் வாக்கியத்தின் முதல் எழுத்தில் குறி இடாமல் எழுதும் பழக்கம் பரவியது. 2019இல் பிரான்சின் தர அமைப்பு வெளியிட்ட புதிய விசைப்பலகைத் தரம் இக்குறையைப் போக்க முயன்றது. ஸ்பெயினில் இது அரசு விவகாரமாகவே ஆனது. அலைக்கோட்டு ‘என்’ இல்லாத விசைப்பலகைகளை விற்கக்கூடாது என்ற அந்நாட்டு விதி சுதந்திர வணிகத்துக்குத் தடை என்று 1991இல் ஐரோப்பியச் சமூகம் ஆட்சேபித்தபோது, ஸ்பெயின் இணங்கவில்லை; மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையின் பண்பாட்டு விதிவிலக்கைச் சுட்டி, 1993இல் அரசாணை மூலம் அந்த எழுத்தைக் காத்துக்கொண்டது.

தனிமனிதரின் பெயரில்தான் இந்தக் குறைகள் எல்லாம் வந்து குவிகின்றன. கடவுச்சீட்டின் கீழே இயந்திரம் படிக்கும் வரிகளில் 26 இலத்தீன் எழுத்துகள், பத்து இலக்கங்கள், ஒரு நிரப்புக்குறி ஆகியவை தவிர வேறெதற்கும் இடமில்லை. ஜெர்மானியப் பெயரிலுள்ள இரட்டைப்புள்ளி ‘யு’ அங்கே ‘யு’, ‘இ’ என்று இரண்டு எழுத்தாகும். பயணச்சீட்டு எழுதுபவர் புள்ளிகளை மட்டும் நீக்கி ஒற்றை ‘யு’வாக எழுதியிருந்தால், ஒரே மனிதருக்கு மூன்று எழுத்துக்கூட்டல்கள் ஆகிவிடும். பெல்ஜியத்தில் ஒரு வங்கி வாடிக்கையாளர், தம் பெயரிலுள்ள ஒலிக்குறி ஆவணங்களில் விடுபடுவதை எதிர்த்து முறையிட்டார். தன் பழைய பெருங்கணினி, ஐபிஎம் பெருங்கணினிகளுக்கென்று வகுத்த எப்சிடிக் அட்டவணையில் இயங்குவதால் அந்தக் குறியை ஏற்கமுடியாது என்று வங்கி வாதிட்டது. 2019 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. பிழையான தனிப்பட்ட தரவைத் திருத்திப் பெற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அளிக்கும் உரிமை, பெயரின் ஒலிக்குறிக்கும் பொருந்தும் என்று அது தீர்ப்பளித்தது.